மொறிஸ் மைனர் 1000: ஒழுங்கைக்குள் ஒன்பது வருடம்

மொறிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் கார் ஒன்று எங்காவது நிற்கக் கண்டால் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு அதன் பொனெற்றில் கையை வைத்து முன்னாலிருந்து கண்ணாடி வரைக்கும் ஒருமுறை தடவிப் பாருங்கள். நடுவில் அரைச் சாண் அகலத்துக்கு ஒரு தட்டையான பட்டை ஓடுவது உள்ளங்கைக்குத் தெரியும். நான் அதைக் கனகாலம் அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு தையல். காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரிக் காரைப் பார்த்தபோது ஒல்லியாக இருக்கிறதென்று மனம் ஒப்பாமல், அதை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, இரண்டு பாதியையும் மெல்ல மெல்லத் தள்ளி வைத்துப் பார்த்திருக்கிறார். 4 அங்குலம் விலகியதும் கண்ணுக்குச் சரியாகப் பட்டதாம், அப்படியே வைத்துக்கொண்டார். ஆனால் பம்பர்கள் ஏற்கனவே பழைய அளவில் செய்தாகிவிட்டன. என்ன செய்வது, அவற்றையும் நடுவில் வெட்டி 4 அங்குலத் துண்டு வைத்து ஒட்டினார்கள். 1948 இல் விற்பனைக்கு வந்த முதல் மைனர்கள் அந்த ஒட்டுப் பம்பரோடுதான் வந்தன. பம்பரைப் பிறகு முழுசாகச் செய்துவிட்டார்கள், பொனெற் பட்டை கடைசிவரை இருந்தது.

என்னுடையது 1959, நாலு கதவு, 948 சிசி, 37 குதிரைவலு. 2016 இல் இணுவிலில் ஒரு மாமரத்தின் கீழே நின்றதை இரண்டு மோட்டார்சைக்கிள் விலைக்கு எடுத்தேன். அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், "அண்ணை, மைனர் எப்பிடி? எடுக்கலாமோ?" என்று. நல்லூர்த் திருவிழாவுக்கு எங்கேயாவது நிறுத்தினால் திரும்பி வரும்போது கட்டாயம் ஒருவர் பக்கத்தில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லோருக்கும் சேர்த்து ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலே சொல்லிவிட வேண்டும், எனக்கு விசித்திரமான கார்களில் ஒரு பைத்தியம். ஆனால் விசித்திரம் என்றால் எல்லாம் பிடிக்காது. ஒரு காரில் கோணங்கித்தனமாக ஏதாவது இருந்தால், இது பழுதானால் எங்கள் ஊரில் ஒரு ஸ்பானரோடும் ஒரு துண்டுக் கம்பியோடும் சமாளிக்க முடியுமா என்றுதான் முதலில் யோசிப்பேன். இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று யாழ்ப்பாணத்தில் 90களில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பெரியப்பா ஒரு ஒஸ்ரின் ஏ40 சோமசெற் வைத்து ஹயர் ஓடினார். ஊரில் அதற்குப் பெயர் ஏ போட்டி. 1952 இலிருந்து 1954 வரை மட்டும் செய்த கார், 1200 சிசி, கியர் கம்பி ஸ்ரேறிங்கோடு, முன்சீற் வாங்கு போல ஒரே நீளம். போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை வந்து பெற்றோலும் பற்றரியும் இல்லாமல் போனபோது பெரியப்பாவின் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. ஒரு மருந்துப் போத்தலில் தங்கம் மாதிரிக் கொஞ்சப் பெற்றோல் வைத்திருப்பார். காபரேற்றரின் வாய்க்குள் சில துளி விட்டு, முன்னால் ஹாண்டிலைச் செருகி, "தம்பி, தள்ளி நில்லு" என்று சொல்லி ஒரு சுழற்று. எஞ்சின் பிடித்துச் சூடானதும் மண்ணெண்ணெயைக் குடிக்கத் தொடங்கும். பின்னால் வெள்ளைப் புகை. கலியாண வீட்டுக்குப் போய் இறங்கினால் பட்டுச் சேலை முழுக்க மண்ணெண்ணெய் மணம்.

அது ஏன் ஓடியது என்று எனக்கு வளர்ந்த பிறகுதான் விளங்கியது. மண்ணெண்ணெய் ஆவியாகச் சூடு வேண்டும். ஏ போட்டியிலும் மைனரிலும் எஞ்சினுக்குள் காற்றும் எரிபொருளும் போகும் குழாயும், புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டியபடி இருக்கும். புகைக் குழாயின் சூடு மற்றதையும் சுட வைக்கும். சக்தி வேண்டுமென்றால் இது மோசமான ஏற்பாடு, இன்றைய எஞ்சின்களில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும். மண்ணெண்ணெய்க்கோ அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. அமுக்கமும் குறைந்த எஞ்சின் என்பதால் பெரிதாக இடிக்காமல் ஓடிவிடும். எரியாத மண்ணெண்ணெய் கீழே ஓயிலோடு போய்க் கலக்கும். அதனால் ஓயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் அளவு குறையாது, கூடியிருக்கும்! பெரியப்பா அதைத் தொட்டு மணந்து பார்த்துத்தான் ஓயில் மாற்றும் நாளைத் தீர்மானிப்பார். 95 இடப்பெயர்வில் நாங்கள் வெளிக்கிட்டபோது காரைக் கொட்டிலுக்குள் விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது கார் நின்றது, நாலு சில்லும் இல்லை.

சரி, மைனருக்கு வருவோம்.

உள்ளே ஏறினால் முதலில் கண்ணில் படுவது டாஷ்போர்ட்டின் நட்டநடுவில் சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஒரே ஒரு வட்டம். வேகம், பெற்றோல் அளவு, எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் அதற்குள்தான். இடப்பக்கம் ஸ்ரேறிங் வைத்தாலும் வலப்பக்கம் வைத்தாலும் ஒரே தகட்டைப் பாவிக்கலாம் என்ற சிக்கனம். பல வருடங்களுக்குப் பிறகு ரொயோட்டா விற்ஸ் மீற்றரை நடுவில் வைத்தபோது புதுமை என்றார்கள். இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. வேகம் ஓட்டுபவருக்கு மட்டுமில்லை, பக்கத்தில் இருப்பவருக்கும் அப்படியே தெரியும். பருத்தித்துறைக்குப் போகும்போது வல்லை வெளியில் கொஞ்சம் மிதித்தால் மனைவி முகத்தைத் திருப்பாமலே "அம்பத்தஞ்சு" என்பார். மீற்றர் மைலில் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

முன்விளக்கைத் தாழ்த்தி உயர்த்தும் பொத்தான் கிளச்சுக்குப் பக்கத்தில் தரையில் இருக்கிறது. இடது காலால் மிதிக்க வேண்டும். இது எனக்கு இந்தக் காரிலேயே மிகவும் பிடித்த விஷயங்களில் ஒன்று, சும்மா இருக்கும் காலுக்கு ஒரு வேலை. அதைவிடப் பிடித்தது முன்கதவுகளில் இருக்கும் சின்ன முக்கோண ஜன்னல். சித்திரை வெயிலில் அதை முழுக்கத் திருப்பிவிட்டால் ஓடும் வேகத்துக்குக் காற்று நேரே நெஞ்சில் வந்து அடிக்கும். ஏசி இல்லாத காரில் அது பெரிய கொடை. அந்த முக்கோணத்தைக் கார்க் கம்பனிகள் எல்லாம் சேர்ந்து ஏன் கைவிட்டன என்பதில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. காற்றுச் சத்தமாம். சத்தம் இருந்தால் என்ன?

பிறகு அந்தக் கைகள். 1961 வரை வந்த மைனர்களில் திரும்புவதற்குக் கண்ணடிக்கும் விளக்குக் கிடையாது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவிலிருக்கும் தூணிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கை வெளியே நீளும், உள்ளே குட்டி விளக்கு எரியும். பிள்ளைகளுக்கு அதைப் பார்த்தால் அப்படி ஒரு சிரிப்பு. ஸ்ரான்லி வீதியில் பின்னால் வரும் மோட்டார்சைக்கிள்காரருக்கு அது ஒன்றுமே தெரியாது, தெரிந்தாலும் கதவு கழன்று தொங்குகிறது என்று நினைத்துப் பக்கத்தில் வந்து கூப்பிட்டுச் சொல்வார். இரண்டு தரம் மயிரிழையில் தப்பிய பிறகு முன்னும் பின்னும் சாதாரண விளக்குப் போட்டுவிட்டேன். கைகளைக் கழற்றவில்லை, இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. மழை நனைந்தால் வலப்பக்கக் கை நீட்டியபடியே நின்றுவிடும், ஜன்னலால் கையை விட்டு ஒரு தட்டு.

தட்டுவது என்றதும் ஞாபகம் வருகிறது. திறப்பைத் திருப்பியதும் பொனெற்றுக்குள்ளிருந்து "டிக் டிக் டிக்" என்று ஒரு சத்தம் வரும், பிறகு மெல்ல அடங்கும். அது மின்சாரத்தில் இயங்கும் எஸ்யூ பெற்றோல் பம்ப். சத்தம் வந்தால் பெற்றோல் வருகிறது என்று அர்த்தம், அடங்கினால் காபரேற்றர் நிரம்பிவிட்டது, அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கி காலி அல்லது எங்கோ ஒழுகுகிறது. சத்தமே வராவிட்டால் உள்ளே இருக்கும் தொடுமுனை ஒட்டிக்கொண்டது. இறங்கி, பொனெற்றைத் திறந்து, ஸ்பானரின் பிடியால் பம்பின் பக்கத்தில் ஒரு தட்டு. இவ்வளவுதான் வைத்தியம். இதைவிட நேர்மையாகத் தன் நோயைச் சொல்லும் இயந்திரத்தை நான் பார்த்ததில்லை. என்னுடைய மைத்துனரின் வாகனத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தால் கொம்பியூட்டர் போட்டுப் பார்க்க ஒரு நாள் வேண்டும்.

எல்லாம் இப்படிச் செல்லமாகச் சொல்லக்கூடியவை இல்லை. மின்சாரத்தில் பற்றரியின் பிளஸ் பக்கம்தான் காரின் உடம்போடு இணைக்கப்பட்டிருக்கும், இன்றைய கார்களுக்கு நேர் எதிர். இது தெரியாமல், இல்லை, தெரிந்தும் மறந்து, ஒரு புது ரேடியோவைக் கொண்டுவந்து மாட்டினேன். ஒரு வினாடி பாட்டு, பிறகு ஒரு மணம், பிறகு ஒன்றுமில்லை.

பிறேக்கின் பிரதான சிலிண்டரைக் கொண்டுபோய் ஓட்டுபவரின் காலடியில், சட்டத்தின் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். ஓயில் விடவே காலடி விரிப்பைத் தூக்கி ஒரு மூடியைத் திறக்க வேண்டும். கழற்ற வேண்டுமென்றால் முன் சஸ்பென்சனின் நீளக் கம்பி ஆணிக்குக் குறுக்கே நிற்கும். முதலில் அதை விலக்க வேண்டும். ஒரு சின்ன ரப்பர் வளையம் மாற்ற எனக்கு ஒன்றரை நாள் போனது. இசிகோனிஸ் பெரிய மேதைதான், பதினொரு வருடம் கழித்து மினியைச் செய்து எஞ்சினைக் குறுக்கே திருப்பி உலகத்துக்கே வழி காட்டியவர்தான், ஆனால் அந்தச் சிலிண்டர் விஷயத்தில் அவரை நேரில் கண்டிருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

பெரிய ஆபத்து இன்னொன்று, வாங்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். 2019 இல் ஒரு காலை, எங்கள் படலையடியில் காரைப் பின்னுக்கு எடுத்து ஸ்ரேறிங்கை முழுக்கத் திருப்பினேன். "டக்" என்று ஒரு சத்தம். மாடு காலை மடித்துப் படுத்தது போல முன் இடப்பக்கம் கீழே போய்விட்டது. இறங்கிப் பார்த்தால் சில்லு வெளிப்பக்கமாகச் சரிந்து மட்காட்டுக்கு அடியில் கிடக்கிறது. மைனரில் முன்சில்லைத் தாங்கித் திருப்பும் தண்டின் மேலும் கீழும் மரை போட்டு, அதை ஒரு மூட்டுக்குள் முடுக்கியிருப்பார்கள். முன்பாரம் முழுக்க அந்த மரைகளில்தான். கிறீஸ் காய்ந்தால் மரை தேயும், தேய்ந்தால் ஒருநாள் கழன்று வரும். பெரும்பாலும் இப்படி மெதுவாகத் திருப்பும்போதுதான் நடக்கும் என்பது ஒரு புண்ணியம். கோண்டாவிலில் இருந்து வந்த வயதான மெக்கானிக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, என்னைப் பார்த்தார்.

"கிறீஸ் அடிச்சனீரோ?"

"போன வருசம் அடிச்சது, ஐயா."

"ஆயிரம் மைலுக்கு ஒருக்கா எண்டு புத்தகத்திலை கிடக்கு. நீர் புத்தகம் வாசிக்கிற ஆள் எல்லோ?"

அதற்குப் பிறகு மாதத்தின் முதல் ஞாயிறு கிறீஸ் துவக்கோடு காருக்குக் கீழே படுக்கிறேன். ஒரு முனையையும் விடுவதில்லை. பழைய கிறீஸ் கறுப்பாகப் பிதுங்கி, பின்னால் புதுக் கிறீஸ் தேன் நிறத்தில் எட்டிப் பார்க்கும் வரைக்கும் அடிக்க வேண்டும்.

ஓட்டம் எப்படி? 60 வருடத்துக்கு மேலான கார் என்று ஸ்ரேறிங்கைப் பிடித்தால் நம்பமாட்டீர்கள். பல் தண்டில் நேரே ஓடும் ஸ்ரேறிங், நூல் பிடித்தது போலப் போகும். ஏ போட்டி இதற்கு முன்னால் படகு. பண்ணைப் பாலத்தில் கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது உயரமான புதுக் கார்கள் ஆடும், மைனர் குனிந்துகொண்டு போகும். முதல் கியருக்கு மட்டும் கார் நின்ற பிறகுதான் போட வேண்டும், ஓடும்போது போட்டால் கியர்ப்பெட்டி கத்தும். பிறேக் நாலும் ட்ரம். நின்றுவிடும், ஆனால் நீங்கள் நினைத்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி. ஏ9 நெடுஞ்சாலையில் கிளிநொச்சிக்குப் போய் வந்தேன், 45 மைலுக்குள் வைத்திருந்தால் பாட்டுப் பாடிக்கொண்டு போகும், அதற்கு மேல் பாட்டு அலறலாகும். எங்கள் ஊரில் ஏற்றம் என்று ஒன்று இல்லாததால் 37 குதிரைவலு தாராளம். கண்டிக்குக் கொண்டுபோக எனக்குத் துணிவு வரவில்லை. அகலம் 5 அடிக்கு ஒரு அங்குலம் கூட, அவ்வளவுதான். வேலிக் கதியால்கள் இரண்டு பக்கமும் நெருக்கும் ஒழுங்கைக்குள் கண்ணாடியை மடிக்காமல் வரும் ஒரே கார் எங்கள் அயலில் இதுதான்.

எனக்கு லீற்றருக்கு 13, 14 கிலோமீற்றர் ஓடுகிறது. 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட் காட்டிக் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கிய காலத்தில் இது பெரிய ஆறுதல். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் பொனெற்றைத் தட்டி, "இதுக்கென்ன தம்பி, மண்ணெண்ணெயிலையும் ஓடுமே" என்றார். மண்ணெண்ணெயும் இல்லாத காலம் அது ஐயா என்றேன்.

இனிப் பிற கார்களைப் பற்றிக் கொஞ்சம், பைத்தியம் என்று ஒப்புக்கொண்டேனே. பழைய பீற்றில் கார்களில் முன்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கத் தனி மோட்டார் கிடையாது, உதிரிச் சில்லின் காற்றிலிருந்து குழாய் எடுத்திருந்தார்கள். கண்ணாடியைக் கழுவிக் கழுவி உதிரிச் சில்லு இறங்கிவிடாமல் இருக்க ஒரு வால்வும் வைத்தார்கள். இதை நினைத்தவரைக் கும்பிடலாம். போட் அங்கிளியா 100ஈ யில் வைப்பர் எஞ்சினின் உறிஞ்சலில் ஓடும், அதாவது முந்துவதற்கு மிதித்தால் மழைக்குள் வைப்பர் சோர்ந்து நின்றுவிடும். இதை நினைத்தவரைக் கும்பிட மாட்டேன். அதற்கு அடுத்த 105ஈ யில் பின்கண்ணாடியை உள்நோக்கிச் சரித்து வைத்தார்கள். பார்க்கக் கோபக்காரக் கோழி மாதிரி இருந்தாலும் பின்சீற்றில் தலை இடிக்காது, மழையும் கண்ணாடியில் நிற்காது.

ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஏ60 ஐ எல்லோரும் புகழ்வார்கள், எனக்கு அதில் பெரிய மயக்கம் இல்லை. இத்தாலியின் பினின்பரினா வரைந்த ஒரே உடம்பை ஒஸ்ரின், மொறிஸ், வூல்ஸ்லி, எம்ஜி, றைலி என்று ஐந்து பெயரில் விற்றார்கள். மூக்கை மட்டும் மாற்றினார்கள். பின்னால் மீன் செட்டை. 1961 இல் அவர்களுக்கே வெட்கம் வந்து செட்டையைக் கொஞ்சம் சீவிவிட்டார்கள். உழைப்பில் குறை சொல்ல முடியாது, டீசலிலும் வந்தது, ஹயர்காரர்களுக்குச் சோறு போட்டது. 1973 இல் வந்த ஒஸ்ரின் அலெக்ரோவுக்குச் சதுரம் மாதிரி ஒரு ஸ்ரேறிங் வைத்தார்கள். வட்டத்தில் என்ன குறை கண்டார்களோ.

புதியவற்றிலும் நல்ல மூளை இருக்கிறது, மறுக்கவில்லை. மைத்துனரின் சுசுகி வாகன் ஆரில் பின்கதவுக்குள் குடை செருக ஒரு குழி, நனைந்த குடையின் தண்ணீர் அதால் வெளியே வடிந்துவிடும். முன்சீற்றுக்கு அடியில் கைபிடி வைத்த ஒரு வாளி. மைனருக்குப் பொனெற் பட்டை வைத்த இசிகோனிஸ் கண்டால் மகிழ்ந்திருப்பார். ஆனால் அதே கார் தினமும் காலையில் ஜப்பானிய மொழியில் ஒரு பெண் குரலில் ஏதோ சொல்கிறது. ஜப்பான் நெடுஞ்சாலைக்குப் பணம் கட்டும் அட்டையை நீங்கள் செருகவில்லையாம். அதை நிறுத்த மைத்துனருக்கு வழி தெரியவில்லை, மாமி அதற்குத் தினமும் "ஓம் பிள்ளை" என்று பதில் சொல்கிறார். ராரா நானோவில் சில்லுக்கு மூன்று ஆணி போதும், ஒரு வைப்பர் போதும் என்ற கணக்கு எனக்குப் பிடிக்கும். ஆனால் பின்கதவைத் திறக்க முடியாமல் செய்து, சாமானைப் பின்சீற் மேலால் தள்ள வைத்தார்களே, அதே பிழையை ஸ்ரான்டேட் 8 கார் 1953 இலேயே செய்துவிட்டது, ஒருவராவது பார்த்திருக்கலாம்.

உதிரிப்பாகம் பற்றிக் கவலை வேண்டாம். 10 லட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் மைனர், அந்தக் கொண்டாட்டத்துக்கென்று கத்தரிப்பூ நிறத்தில் ஒரு தொகுதியே செய்தார்கள். ஆகவே உலகம் முழுக்கச் சாமான் கிடக்கிறது. போதாததற்கு 90களில் எங்கள் நாட்டின் தெற்கில் மைனருக்கு உடல் தகடு செய்து இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மைனர் நிலையத்துக்கு அனுப்பினார்கள். அவர்களிடமிருந்து வந்த காருக்கு நாங்கள் தகடு அனுப்பியிருக்கிறோம்! நிறுத்தி வைத்திருந்த வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்த பிறகு பழைய கார் விலை கொஞ்சம் நிதானத்துக்கு வரும் என்று பார்த்தேன், மைனர்காரர்கள் மட்டும் அசையவில்லை.

வீட்டில் ஒரே காராக இதை வாங்காதீர்கள். இரண்டாவதாக, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் கீழே படுக்கத் தயார் என்றால் வாங்குங்கள். பார்க்கப் போகும்போது எஞ்சின் சத்தத்தில் மயங்கக் கூடாது, எஞ்சினை யாரும் திருத்துவார்கள். குனிந்து, பின் வில்லுத்தகடு சட்டத்தில் தொங்கும் இடத்தைப் பாருங்கள், கதவுக்குக் கீழே ஓடும் ஓரத்தைப் பாருங்கள். எங்கள் கடற்காற்று முதலில் தின்பது அந்த இடங்களைத்தான். தின்றதைப் பட்டி அப்பிப் பெயின்ற் அடித்து மறைத்திருப்பார்கள். ஒரு காந்தம் கொண்டுபோய் ஒட்டிப் பாருங்கள், ஒட்டாத இடமெல்லாம் பட்டி. காந்தத்தை ஒரு துணியில் சுற்றிக்கொள்ளுங்கள், பெயின்ற்றில் ஒரு கீறல் விழுந்தாலும் சொந்தக்காரர் அதற்கும் சேர்த்து விலை சொல்லிவிடுவார்.